அடிக்கடி திறக்கும் கோப்பு

ஹேமலதா இறந்து ஏழு மாதம் கழித்து, அவளிடம் விளக்கம் கேட்டுச் சங்கத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது.

கொட்டச்சேடு கிராமத்துத் தபால்காரர் அதை அவளுடைய அப்பா கோவிந்தராஜிடம் நீட்டத் தயங்கினார். "ஏனுங்க ரைட்டரே, ஆள் இல்லைன்னு எழுதித் திருப்பி அனுப்பிடட்டுங்களா?" என்றார்.

கோவிந்தராஜ் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எம்புள்ள பேருக்கு வந்த கடுதாசி எங்கூட்டு வாசல்ல இருந்து திரும்பிப் போகக்கூடாதுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கினார்.

அவர் முப்பத்தெட்டு வருடம் காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். அவர் எழுதிய வருகைப் பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தம் கிடையாது. ஆயிரக்கணக்கான தொழிலாளிகளுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். தமக்கென்று ஒன்றுகூட எழுதியதில்லை. யாரிடமும் எதையும் கேட்காமல் வாழ்ந்து முடித்துவிட வேண்டும் என்பது அவருடைய வைராக்கியம். மனைவி போன பிறகு அந்த வீட்டில் இருந்தவர்கள் அவரும் மகளும்தான். மார்கழியில் வந்த காய்ச்சல் ஒன்பதே நாளில் மகளைக் கொண்டுபோயிற்று. அப்போதும் ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவ வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

கடிதம் இப்படி இருந்தது:

'தாங்கள் சங்கத்துக்குச் சொந்தமான மடிக்கணினியில் தங்களது சொந்த ஒலிப்பதிவுகள் நானூற்றுப் பன்னிரண்டைச் சேமித்து வைத்த காரணத்தால், மேற்படி கணினி இயங்கத் தொடங்குவதற்கு இருபத்தேழு நிமிடங்கள் எடுத்துக்கொள்வது கண்டறியப்பட்டுள்ளது. இது குறித்த தங்கள் விளக்கத்தைப் பதினைந்து நாட்களுக்குள் அளிக்க வேண்டும். தவறினால் தங்களிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை என்று கருதப்படும்.'

கடைசி வரியை அவர் மூன்று முறை படித்தார்.

அந்த ஒலிப்பதிவுகள் என்னவென்று அவருக்குத் தெரியும். ஹேமலதா ஏற்காட்டில் இருக்கும் மலைக் காப்பி மிளகு விவசாயிகள் சேவைச் சங்கத்தில் கணினி எழுத்தராக இருந்தாள். சங்கத்து முற்றத்தில் ஒரு குழாய் ஒலிபெருக்கி உண்டு. எடை போட வரும் விவசாயிகளில் பாதிப் பேருக்குப் பலகையில் எழுதிய விலையைப் படிக்கத் தெரியாது. அதனால் அவள் தினமும் காலையில் வீட்டிலேயே அன்றைய நிலவரத்தை மடிக்கணினியில் பேசிப் பதிந்து கொண்டுபோவாள். அரை மணிக்கு ஒருமுறை அது முற்றத்தில் ஒலிக்கும். சங்கத்தின் வேலையைச் சங்க நேரத்துக்கு முன்பே எழுந்து செய்தவளைத்தான் சங்கம் திருடி என்று சொல்லாமல் சொல்லியிருந்தது.

கோவிந்தராஜ் அன்றே பதில் எழுதினார். பத்து நாளில் அது திரும்பி வந்தது. விளக்கத்தில் சம்பந்தப்பட்ட ஊழியரின் கையொப்பம் இல்லாததால் ஏற்க இயலவில்லை என்றும், ஊழியர் நேரில் வர முடியாத நிலை இருப்பின் அதற்கான காரணத்தை ஊழியரே எழுதித் தரலாம் என்றும் ஓரத்தில் குறிப்பு இருந்தது.

சலவைச் சட்டை போட்டு, குடையை எடுத்துக்கொண்டு, அவர் பஸ் ஏறினார்.

அன்றைக்கு நிர்வாகக் குழு கூடியிருந்தது. ஏழு பேர். நடுவில் மேசைமேல் ஹேமலதாவின் மடிக்கணினி. அதன் மூடியில் அவள் ஒட்டிய சிறிய மிளகுக் கொடிப் படம் இன்னும் உரியாமல் இருந்தது. தலைவர் வேடியப்பன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்திருந்தார்.

"உக்காருங்க ரைட்டரே. இப்பத்தான் போட்டிருக்கோம். எத்தனை நிமிசம் ஆகுதுன்னு குழு நேர்ல பார்க்கோணும்னு விதி. ஒவ்வொரு கூட்டத்துலயும் பார்க்கறமுங்க."

கணினிக்குள் ஏதோ கடகடவென்று அரைபட்டது. குழு பார்த்தது. உதவியாளர் டோமினிக் டீ கொண்டுவந்தார். குழு குடித்தது. இருபத்தொன்பதாவது நிமிடத்தில் திரை வெளிச்சமானது. செயலாளர் விக்னேஷ் நடவடிக்கைக் குறிப்பில், 'குழு இருபத்தொன்பது நிமிடங்கள் இடைவிடாது பணியாற்றியது' என்று எழுதினார்.

"சங்கமுன்னா நிதானம் வேணுமுங்க" என்றார் தலைவர். "ஆனா கம்ப்யூட்டர் நம்மளைவிட நிதானமா இருந்தா நம்ம மரியாதை என்னாகும் சொல்லுங்க? அதனாலதான் உள்ள இருக்கற ஹார்டு டிஸ்க்கை மாத்தறதுன்னு அஞ்சு கூட்டமாப் பேசிட்டு இருக்கறோம்."

ஐந்து கூட்டத்திலும் முடிவாகாததற்குக் காரணம் இருந்தது. தலைவருக்கு இடம் நிறைய உள்ள டிஸ்க் வேண்டும். அவருக்குப் பொன்னாடை போர்த்திய படங்கள் மட்டுமே பதினோராயிரம். துணைத் தலைவர் மாரியப்பனுக்கு வேகமான டிஸ்க் வேண்டும். அவர் சேலத்துக்குக் கடைசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. ஏழாவது உறுப்பினர் இரு தரப்பிலும் பெண் எடுத்தவர்.

"எம்புள்ள கடுதாசி விசயமா வந்தனுங்க" என்றார் கோவிந்தராஜ்.

"அது பொருள் எண் ஒம்போது. இது நாலு" என்றார் விக்னேஷ்.

நான்காம் பொருளுக்காக அப்துல் காதரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏற்காடு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். அவர் வந்து மடிக்கணினியின்மேல் காதை வைத்துக் கேட்டார், வைத்தியர் நெஞ்சில் காது வைப்பதுபோல.

"உள்ள இருக்கற டிஸ்க்கு எட்டு வருசத்துத் தட்டுங்க. தேஞ்சு போச்சு. நீங்க போட்டுப் போட்டுப் பார்க்கறதுலயே இன்னும் தேயுது. அந்தப் புள்ள பேசின ஃபைல் நானூறும் சேர்த்தா, உங்க போட்டோவுல ஒரு விழா அளவுகூட வராதுங்க தலைவரே."

விக்னேஷ், 'வல்லுநரின் கருத்து கேட்கப்பட்டது' என்று எழுதினார். என்ன கருத்து என்பதற்குப் படிவத்தில் இடம் இல்லை.

இரு தரப்புச் சண்டையையும் காதர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஹைபிரிட்டுன்னு ஒண்ணு இருக்குதுங்க" என்றார்.

குழுவில் இருந்த எல்லோரும் விவசாயிகள். முகங்கள் மலர்ந்தன. "எத்தனை வருசத்துல பலனுக்கு வரும் பாய்?" என்றார் மாரியப்பன்.

"செடி இல்லீங்க. பழையபடி சுத்தற தட்டும் இருக்கும், கூடவே சின்னதா வேகமான மெமரியும் இருக்கும். இடமும் நிறைய. நீங்க எதை அடிக்கடி தொறக்கறீங்களோ, அதை அதுவே பார்த்துப் பழகி, வேகமான பக்கத்துல கொண்டாந்து வெச்சுக்கும். அடுத்த தடவை உடனே வரும்."

"அப்ப வேகமான பக்கத்துல எது இருக்கோணும்னு ஒரு தீர்மானம் போட்டுரலாமுங்களா?" என்றார் தலைவர்.

"தீர்மானமெல்லாம் அதுக்குத் தெரியாதுங்க. பழக்கந்தான் தெரியும்."

இடமும் உண்டு, வேகமும் உண்டு, யாரும் தோற்கவில்லை. ஹைபிரிட் ஏகமனதாக நிறைவேறியது. பொருள் எண் ஒன்பது வருவதற்குள் மாரியப்பனின் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கோவிந்தராஜ் கேட்டதற்கு எழுந்து நின்றபடியே பதில் வந்தது: புது டிஸ்க்கின் திறப்பு விழாவில் எல்லாம் பேசிக்கொள்ளலாம்.

அவர் படியிறங்கும்போது காதர் பின்னாலேயே வந்தார்.

"ரைட்டர் ஐயா, பழைய தட்டுல இருக்கறதைப் புதுசுக்கு நாந்தான் மாத்திப் போடோணும். போடறப்ப பாப்பா பேசினதை ஒரு பென்டிரைவ்ல எடுத்துத் தரட்டுங்களா? ஒருத்தருக்கும் தெரியாது. உங்ககிட்ட அந்தக் குரல் ஒண்ணுகூட இல்லீங்களே."

உண்மைதான். அவரிடம் இருந்தது பொத்தான் போன். அதில் அவள் குரல் கூப்பிடும்போது மட்டும் வந்தது. கூப்பிடுவது நின்றதும் நின்றுவிட்டது.

கோவிந்தராஜ் குடையை விரித்தார். விரித்த பிறகும் நடக்கவில்லை.

"வேண்டாம் பாய். திருடின்னு எழுதி வெச்சிருக்கறாங்க. இப்ப நான் திருட்டுத்தனமா எடுத்தா அது மெய்யாயிரும். முன்வாசல் வழியா வரட்டும்."

காதர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. பெரியவர் சொன்னால் சொன்னதுதான் என்று அந்த மலையில் எல்லோருக்கும் தெரியும்.

டிஸ்க் வந்தது. காதர் பழையதில் இருந்த எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றினார். சங்க இரகசியம் வெளியே போகக்கூடாது என்பதால், பழைய டிஸ்க்கை ஏழு பேரும் சுற்றி நிற்க, முற்றத்தில் வைத்துத் துளைபோட்டு அழித்தார்கள். சங்கத்தில் என்ன இரகசியம் என்று யாரும் கேட்கவில்லை. அதுவே இரகசியமாக இருந்திருக்கலாம்.

அடுத்தது பழக்குவது. இதற்கென ஒரு துணைக்குழு போட்டார்கள். 'தலைவர் உரை' என்ற கோப்பை நாள்தோறும் நாற்பது முறை திறந்து மூட வேண்டும், ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும், இருபத்தொரு நாள் இடைவிடாமல். அந்த உரை, சங்கத்தின் சிக்கனம் பற்றித் தலைவர் ஆற்றியது. படங்களோடு நூற்று நாற்பது பக்கம். பொறுப்பு டோமினிக்குக்கு. முற்றம் பெருக்குவது, டீ வாங்குவது, மூட்டை இறக்குவது எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர் டிஸ்க் பழக்கினார். விலை சொல்ல ஆளில்லாமல் ஒலிபெருக்கியில் குளவி கூடு கட்டியிருந்தது.

இருபத்திரண்டாம் நாள் விழா. மாரமங்கலம், கிளியூர் வரை உறுப்பினர்கள் வந்திருந்தார்கள். சாமந்தி மாலை போட்ட மடிக்கணினிக்குத் தலைவர் சூடம் காட்டினார். காதர் அதை ஒலிபெருக்கியோடு இணைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். கோவிந்தராஜ் கடைசி வரிசையில், முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார்.

கணினி ஒரு நிமிடத்துக்குள் எழுந்துகொண்டது. கைதட்டல்.

"இந்தச் சங்கத்துல நாங்க பதினோரு வருசமா எதையும் மாத்தினதில்லீங்க" என்று தலைவர் தொடங்கினார். "அதுதான் எங்க சாதனை. இன்னைக்கு ஒண்ணை மாத்தியிருக்கறோம். இந்த டிஸ்க்குக்கு யாரு முக்கியம்னு தெரியும். அதுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, தானாத் தெரிஞ்சுக்கும். டோமினிக்கு, உரையைத் தொற."

டோமினிக் தொட்டார். திரையில் சிறிய வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. தலைவர் சிரித்தபடி நின்றார். பிறகு சிரிப்பை மட்டும் விட்டுவிட்டு நின்றார்.

"எண்ணூத்து நாப்பது தடவை தொறந்தியேப்பா."

"தொறந்தனுங்க."

"பின்ன ஏன் வரலை? சரி, எது சீக்கிரம் வருமோ அதைப் போடு. சனம் பார்க்குது."

டோமினிக் தலைவரைப் பார்த்தார். கடைசி வரிசையைப் பார்த்தார். விரலால் ஒன்றைத் தொட்டார். விரல் எடுப்பதற்குள் குழாயிலிருந்து குரல் வந்தது.

"வணக்கமுங்க. சங்கத்து விலை நிலவரமுங்க. மிளகு நேத்து வித்த விலையேதானுங்க, இன்னைக்கு யாரும் அவசரப்பட்டு மூட்டையை எறக்க வேண்டாமுங்க. மழை வர்றாப்ல இருக்குது. களத்துல காயப் போட்டவங்க மூடி வெச்சுட்டு வாங்க."

குரலுக்குப் பின்னால் ஒரு பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால், தூரத்திலிருந்து ஓர் ஆணின் குரல்: "ஊட்டுக்குள்ள காலங்காத்தால என்ன சத்தம். வெளிய போய்ப் பேசு."

"முடிஞ்சுதுங்கப்பா" என்றது அவள் குரல். அத்தோடு நின்றது.

கோவிந்தராஜ் அந்த ஆணின் குரலை அடையாளம் கண்டுகொள்ளச் சிறிது நேரம் ஆனது.

தலைவர் டோமினிக்கைப் பார்த்தார். டோமினிக் கைகளைக் கட்டிக்கொண்டார். "மொத நாள் உங்க உரையைத்தானுங்க தொறந்தேன். ரெண்டாம் நாள் முடியலீங்க. இந்தப் புள்ள வந்தவுடனே 'டீ குடிச்சீங்களாண்ணா'ன்னு கேக்கும். அது இல்லாம ஆபீசு நொம்ப வெறிச்சுன்னு இருந்துச்சு. இதையே தொறந்துட்டேனுங்க. தடவைக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருக்கேன், அதுல பொய் இல்லீங்க."

டிஸ்க்கிடம் விளக்கம் கேட்க விதியில் இடமுண்டா என்று, கையில் மைக் இருப்பதை மறந்து, தலைவர் குனிந்து செயலாளரைக் கேட்டது ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது.

மாரமங்கலத்துக் காளியாயி எழுந்தாள். இரண்டு ஏக்கர் மிளகுக்காரி. "ஏனுங்க தலைவரே, இதையா சொந்தப் பதிவுன்னு எழுதி அனுப்பினீங்க? இந்தப் புள்ள சொன்னதைக் கேட்டுத்தானுங்க நானு மூட்டையைக் கட்டறதும் அவுக்கறதும். அது செத்ததுல இருந்து குத்துமதிப்பாத்தான் வித்துட்டு இருக்கறன்." அவளைத் தொடர்ந்து பத்துப் பேர் எழுந்தார்கள். பிறகு யார் எழுந்தார்கள் என்று எண்ண முடியவில்லை.

சனம் எழுந்தால் சங்கம் வேகமாகும். பொருள் எண் ஒன்பது அங்கேயே எடுக்கப்பட்டது. விக்னேஷ் விதிப் புத்தகத்தோடு கோவிந்தராஜிடம் வந்தார். கெட்டவர் இல்லை, விதியைத் தவிர வேறெதிலும் கை வைத்து அவருக்குப் பழக்கமில்லை.

"ஐயா, ரெண்டுல ஒண்ணு நீங்க சொல்லோணும். இது உங்க மகளோட சொந்தக் கோப்புன்னா, வாரிசுங்கற முறையில இப்பவே நீங்க எடுத்துட்டுப் போயிரலாம். ஆனா விளக்கம் கேட்டு அனுப்பின கடிதம் அப்படியே நிக்கும். இது சங்கக் கோப்புன்னா, கடிதத்தை வாபஸ் வாங்கிக்கறோம், அவங்க மேல குத்தம் இல்லைன்னு எழுதிக் குடுக்கறோம். ஆனா சங்கக் கோப்பு சங்கத்துக்குத்தானுங்க. வெளியாளுக்குத் தரப்படாது."

"நான் வெளியாளுங்களா?"

"விதிப்படிங்க."

காதர் கூட்டத்துக்குள்ளிருந்து தலையை அசைத்துக்கொண்டிருந்தார். சொந்தம்னு சொல்லுங்க, சொந்தம்னு சொல்லுங்க என்று அவர் உதடு அசைந்தது. கோவிந்தராஜ் அதைப் பார்த்தார். பார்க்காதவர்போல் எழுந்து நின்று, கூட்டத்துக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்:

"எம்புள்ள சங்கத்து வேலையைத்தானுங்க செஞ்சா."

கைதட்டினார்கள். அங்கேயே கடிதம் எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். ஹேமலதா குற்றமற்றவள். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இப்போது முதுகு நாற்காலியில் சாய்ந்திருந்தது.

விழா முடிந்ததும் குழு கூடி, டிஸ்க் தவறான பழக்கத்தைக் கற்றுக்கொண்டுவிட்டதாக முடிவு செய்தது. பழக்கத்தை மறக்கடிக்க ஒரே வழி எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. தலைவர் உரையையும் படங்களையும் வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு மற்றதை அழிக்கலாம். தீர்மானம் பதினான்கு.

டோமினிக் மூச்சிரைக்க வந்து பஸ் நிறுத்தத்தில் இதைச் சொன்னபோது, கோவிந்தராஜ் கொட்டச்சேட்டு பஸ்ஸில் ஏறியிருந்தார். இறங்கினார். காதர் கடையில் ஒரு வெள்ளைத்தாள் வாங்கினார். எழுபத்தோரு வயதில், மகளின் குரலைத் தரும்படி கேட்டு, தமக்காக, முதல் மனு எழுதினார். ஊராருக்கு எழுதிக் கொடுத்த அதே வார்த்தைகள்தான். 'பணிந்து வேண்டிக்கொள்கிறேன்' என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றது. ஓர் எழுத்தை அடித்துத் திருத்தி எழுதினார்.

விக்னேஷ் மனுவை மரியாதையோடு வாங்கி எண் கொடுத்தார். பதினைந்து.

"தீர்மானமெல்லாம் வரிசைப்படிதானுங்க ஐயா நிறைவேத்தோணும். கவலைப்படாதீங்க, உங்களுது அடுத்ததுதான்."

அழிக்க மாட்டேன் என்று காதர் சொல்லிவிட்டார். சேலத்திலிருந்து ஆளை வரவழைத்தார்கள். ஒருமுறை அழித்தாலே போதும் என்று அந்த ஆள் சொன்னார். குழுவில் ஏழு பேர் இருப்பதால், ஒருவரும் விடுபடக்கூடாதென்று, உறுப்பினருக்கு ஒருமுறையாக ஏழுமுறை அழிக்கப்பட்டது.

அதன் பிறகு தீர்மானம் பதினைந்து எடுத்துக்கொள்ளப்பட்டு, ஏகமனதாக ஏற்கப்பட்டது. 'முன்னாள் ஊழியரின் தந்தை என்ற முறையில், விதியைச் சிறப்பாகத் தளர்த்தி, மேற்படி கோப்புறை தற்போதுள்ள நிலையில் முழுமையாக ஒப்படைக்கப்படுகிறது.' தலைவர் கோவிந்தராஜுக்குப் பொன்னாடை போர்த்தி, சின்னப் பெட்டியில் வைத்துப் பென்டிரைவைக் கொடுத்தார். படம் எடுத்தார்கள். பெற்றுக்கொண்டதற்கு அவர் கையெழுத்துப் போட்டார். அந்தப் படத்தைத்தான் இப்போது டிஸ்க்குக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

காதர் கடையில் பென்டிரைவைச் செருகினார்கள். 'விலை நிலவரம்' என்ற பெயரில் ஒரு கோப்புறை இருந்தது. கோப்புறை ஒப்படைப்புக்காக விக்னேஷ் புதிதாகப் போட்டது; பெயர் மட்டும் ஹேமலதா வைத்தது. காதர் அதைத் திறந்தார். மூடிவிட்டு இன்னொரு முறை திறந்தார்.

"காலிங்க ஐயா."

கோவிந்தராஜ் தலையசைத்தார்.

"அன்னைக்கே உங்க பேச்சைக் கேக்காம நான் எடுத்து வெச்சிருக்கோணுமுங்க."

"எடுத்திருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேன் பாய்" என்றார் பெரியவர். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மடித்த கடிதம் அங்கே இருந்தது.

மறுநாளும் அவர் வந்தார். அதற்கு மறுநாளும். சலவைச் சட்டை, குடை, சின்னப் பெட்டி. கடையில் ஆள் இருந்தால் ஒதுங்கி நிற்பார். தம் முறை வந்ததும் பென்டிரைவை எடுத்து நீட்டுவார். காதர் செருகி, கோப்புறையைத் திறப்பார். இருவரும் வெறும் வெள்ளைத் திரையைப் பார்ப்பார்கள். காதர் மூடி, கழற்றிக் கொடுப்பார்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, காதரால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஐயா, தினமும் இந்த மழையில பஸ் ஏறி வர்றீங்களே. இதுல ஒண்ணுமில்லீங்களே."

கோவிந்தராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். எஸ்டேட்டில் மழைநாளில் வேலைக்கு வந்தவர்களின் பெயரைக் கூப்பிடும் அதே நிதானத்தோடு சொன்னார்:

"எதை அடிக்கடி தொறக்கறமோ, அதை அதுவே பார்த்துப் பழகி, முன்னால கொண்டாந்து வெக்கும்னு நீங்கதானுங்களே பாய் சொன்னீங்க."

அது வேறு வகை டிஸ்க், இது வெறும் பென்டிரைவ் என்று சொல்லக் காதர் வாயைத் திறந்தார். பிறகு கோப்புறையைத் திறந்தார்.